சத்தம் தங்கும் ஊர்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு யூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமை அம்புறோசின் பின்வளவில் போட்ட பாட்டு, ஸ்பீக்கரைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அந்தத் தெருவை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு, அவருடைய வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நிற்கும் சீடர் மர வேலிக்குள்ளிருந்து, ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில் அது தொடங்கும். முதலில் ஒரு சினிமாப் பாட்டு. அது பாதியில் தணிய, அன்றைக்குப் பாட்டுப் போட்ட பேரின்பநாதனின் மைக் குரல், "எங்கள் அன்புச் செல்வி றொஷினியின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருகை தந்திருக்கும்" என்று இழுக்கும். பிறகு கைதட்டல், தட்டுகள் உரசும் சத்தம், யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பு. நாலு மணியளவில் அடங்கிவிடும். பனிக்காலத்தில் தடிமன் பிடித்தவரின் குரல்போலக் கொஞ்சம் கம்மிக் கேட்குமே தவிர, ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை.

ஊர்க்காரருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. சென்ட்-ஒடில் என்பது ரொக்ஸ்பரோவுக்கும் பியர்பொன்ட்சுக்கும் இடையில், ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பிரெஞ்சுக்காரரின் சின்ன ஊர். மொன்றியல் தீவிலிருந்த நகரங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த வருடம் அதன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கும் ஊர் வாய் திறக்கவில்லை. பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் அங்கே ஒரு படகுத்துறை இருந்தது. ஒருநாள் படகிலிருந்து ஓர் ஆள் தண்ணீருக்குள் விழுந்து கையைக் காலை அடித்தான். வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து, கரையில் நின்ற படகுக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். விழுந்தவன் எழும்பவில்லை. சிரிப்பு மட்டும் துறையில் தங்கிவிட்டது. ஆறு உறையும்போது அது அடங்கும், பனிக்கட்டி உடையும்போது மறுபடி கிளம்பும். படகுக்காரன் செத்து, பாலம் கட்டி, படகை விறகாக எரித்த பிறகும் சிரிப்பு போகவில்லை. அதற்குப் பிறகு கோயிலில் ஒரு கலியாணத்தின்போது, மணமகள் சம்மதம் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து ஒருவர் போட்ட தும்மல், இன்றைக்கும் தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோட்டங்களை வெட்டித் துண்டாக்கி பங்களோக்கள் கட்டிய காலத்தில், ஹொக்கிக் கிண்ணம் வென்ற செய்திக்கு ஒரு வீடு முழுக்க எழுந்து நின்று கத்தியது. அடுத்த வீட்டில் அதே நிமிடம் ஒரு குழந்தையின் மூச்சு நின்றிருந்தது. அந்தக் கத்தலைக் கேட்டபடியே மூன்று குடும்பங்கள் அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போயின.

நேரம் தப்பிய சத்தம் சென்ட்-ஒடிலில் இருந்து போகாது. விஷயம் இவ்வளவுதான். அதனால் ஊர் மெல்ல மெல்ல வாயை மூடப் பழகிக்கொண்டது. கோயில் மணியின் நாக்குக்குத் தோல் சுற்றினார்கள். அம்புலன்ஸ் தெருமுனையிலேயே சங்கை நிறுத்திவிடும். புல்லு வெட்டுகிற மெஷினுக்குக்கூட நேரம் உண்டு. கலியாணத்துக்கும் சாவுக்கும் ஒரே மாதிரித் தணிந்த குரலில் பேசுவார்கள். நகரத்திலிருந்து வருகிறவர்கள் இவர்களை நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது பிழை. இவர்கள் பயந்தவர்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும் வழக்கமும் இருக்கவில்லை. சொல்கிற நேரம் சரியான நேரம்தானா என்று யாருக்கு நிச்சயம்?

ஆகவே அம்புறோசுக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அவர் மன்னாரில் வங்காலைக்காரர். டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு ஏற்றுகிற வேலை. நகரத்துக்குள் ஓர் அடுக்குமாடியில் கரப்பான்பூச்சிகளோடு நீண்ட காலம் குடும்பம் நடத்திவிட்டு, மனைவி செலீனோடும் மகள் றொஷினியோடும் சென்ட்-ஒடிலில் ஒரு பங்களோவுக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தெருவின் முதல் தமிழ் வீடு அது. பெருமை அவருக்குத் தலைக்கு ஏறியது என்று சொன்னால் அவரே மறுக்கமாட்டார். வருகிற சொந்தக்காரரைச் சப்பாத்தோடு நேரே பின்வளவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். "இந்த வேலி மட்டுக்கும் எங்கடை," என்பார், வேலியைக் கையால் தடவிக் காட்டி.

வேலிக்கு அந்தப் பக்கம் பிலோன் தம்பதி. ஜெரார் பிலோன் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற உயரமான கிழவர். முதல் பனிக்காலத்தில், கூரையில் குவிந்த பனியை நீளக் கம்பால் எப்படி இழுத்து விழுத்துவது என்று அம்புறோசுக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். சீடர் வேலியைச் சாக்குத் துணியால் சுற்றிக் கட்டவும் அவர்தான் பழக்கினார். கோடையில் வேலிக்கு மேலால் தக்காளி இந்தப் பக்கம் வரும், மீன் கட்லட் அந்தப் பக்கம் போகும். இருவரும் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் காலடி வைத்ததில்லை. அந்த ஊரில் அதுதான் நட்பு.

றொஷினி பெரியபிள்ளையானது மாசி மாதக் குளிரில். சடங்கைக் கோடைக்குத் தள்ளிவைத்தார்கள். ஹோல் எடுத்துச் செய்யலாம் என்று செலீன் சொன்னாள். அம்புறோஸ் கேட்கவில்லை. "சொந்த வளவு இருக்க ஆற்றையோ ஹோலிலை ஏனப்பா செய்வான்?" என்றார். றொஷினி சடங்கே வேண்டாம் என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. வளவில் பந்தல் எழும்பியது, சிவப்பு வெல்வெட் கதிரை வந்தது, பேரின்பநாதன் தன் பேஸ்மென்ற்றில் வைத்திருந்த ஆளுயர ஸ்பீக்கர் இரண்டையும் கொண்டுவந்து வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மைக் கையில் வந்துவிட்டால் பேரின்பநாதன் வேறு மனிதர். சும்மா நேரத்தில் அவருக்குத் தன் பெயரே திக்கும்.

சனிக்கிழமை மதியம், பந்திக்கு முன்னால், அம்புறோஸ் வாசலுக்கு வந்து பார்த்தபோது தெருவில் தன் விருந்தாளிகளின் கார்களுக்கு இடம் இல்லை. பிலோன் வீட்டு வாசலில் இருந்து தெருமுனை வரை கார்கள். புல்தரையில் கோட்டுச் சூட்டோடு ஆட்கள் கையில் தட்டு வைத்துக்கொண்டு நின்றார்கள். கரை வெட்டின சான்ட்விச் சாப்பிட்டார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் புன்னகைத்தார்கள். வாசலால் ஒரு கேக் உள்ளே போனது. அம்புறோசுக்கு மனம் குளிர்ந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் கொண்டாட்டம். கிழவருக்குப் பிறந்தநாள் போல என்று நினைத்தார்.

வங்காலையில் ஒரு சாவு விழுந்தால் அதைச் சொல்ல ஆள் தேவையில்லை. துக்க மணி அடிக்கும். ஒழுங்கை வாசலில் கொடி தொங்கும். பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிற சத்தம் கடற்கரை வரை போகும். நாலு வீடு தள்ளிக் கலியாணம் நடந்தாலும் றேடியோவை நிப்பாட்டிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரே முதலில் செத்தவீட்டுக்கு வந்து போவார்கள். போகாவிட்டால் அந்தக் குடும்பத்தை மனிதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அழுகை இல்லாத சாவு ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது அம்புறோசின் அறிவுக்கு எட்டாத விஷயம். புதன்கிழமை சங்கு ஊதாமல் வந்து போன அம்புலன்சை அவர் காணவில்லை. தமிழ்ப் பூசைக்கு நகரத்துக்குள் போகிற குடும்பம் என்பதால், காலையில் ஊர்க்கோயிலில் நடந்த அடக்கப் பூசையும் தெரியாது.

அவர் சந்தன நிறப் பட்டு வேட்டியோடு, சிரித்த முகத்தோடு, அந்த ஆட்களுக்கு நடுவால் நடந்து போனார். வாசலில் நின்ற பிலோனின் மகனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பொன் ஃபெத்," என்று பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்து, அறைகளுக்கு நடுவான ஓடையில் நின்ற மதாம் பிலோனுக்கும் "பொன் ஃபெத்" சொன்னார். பிறகு தன்னால் முடிந்த பிரெஞ்சில், ரொறன்ரோவில் இருந்து சொந்தக்காரர் வந்துகொண்டிருக்கிறார்கள், கார்களைக் கொஞ்சம் தள்ளி விட முடியுமா என்று கேட்டார். போகும்போது திரும்பி நின்று, மொன்சியே பிலோனையும் வரச் சொல்லுங்கள், சாப்பாடு நிறைய இருக்கிறது என்றார். மகன் அவரை ஒரு கணம் பார்த்தான். மெர்சி என்று நன்றி சொன்னான். ஐந்து நிமிடத்தில் கார்கள் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. ஒரு கதவுகூட அடித்துச் சாத்தப்படவில்லை. இரண்டு மணிக்குப் பேரின்பநாதன் பாட்டைப் போட்டார்.

அடுத்த வாரம் மதாம் பிலோன் தனியே நின்று தக்காளிக் கன்றுகளுக்குத் தடி கட்டுவதைக் கண்டு, அம்புறோஸ் மொன்சியேக்குச் சுகமில்லையா என்று வேலிக்கு மேலால் கேட்டார். அவர் இறந்துவிட்டார், உங்கள் கொண்டாட்டத்துக்கு முந்திய புதன்கிழமை என்றார் மதாம் பிலோன். உங்கள் மகளின் உடுப்பு மிகவும் அழகாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு, அடுத்த கன்றுக்குக் குனிந்தார். அம்புறோஸ் எப்படி வீட்டுக்குள் வந்தார் என்பது அவருக்கே தெரியாது. கோப்பை கழுவுகிற இடத்தில் தலையை வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். செலீன் ஓடிவந்து கேட்டபோது, "செத்தவீட்டுக்குப் பக்கத்திலை பாட்டுப் போட்டு ஆடியிருக்கிறம் செலீன். நான் போய் அந்த மனுசிக்கு வாழ்த்துச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்," என்றார். செலீன் நெற்றியில் அடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். செத்தவீட்டில் உலை வைப்பதில்லை. அயலவர் சோறு கொண்டுபோக வேண்டும். அதையும் அவர்கள் செய்யவில்லை.

சனிக்கிழமை இருவரும் சோறும் சொதியும் எடுத்துக்கொண்டு பிலோன் வீட்டுப் படியேறினார்கள். அம்புறோஸ் மணியை அழுத்த விரலை நீட்டினார். அப்போதுதான் வேலிக்குள்ளிருந்து பாட்டு முதல் தடவையாகத் தானாகத் தொடங்கியது. சோற்றுச் சட்டியோடு அவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். வேறென்ன செய்வார்கள்? அதற்குப் பிறகு அந்த மணியை அழுத்த அவருக்குக் கை வரவில்லை.

அம்புறோஸ் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. பேரின்பநாதன் வந்து வேலிக்குள் தலையை விட்டு, இல்லாத வயரை வெட்டத் தேடினார். தன் குரலோடு தானே வாதாடிப் பார்த்து, கடைசியில் திக்கத் தொடங்கிப் போனார். நகரசபையில் இருந்து வந்தவர் கைகட்டி நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, சத்தம் போடுகிற ஆள் இல்லாதபோது யாருக்கு எச்சரிக்கை கொடுப்பது என்று கேட்டார். சுவாமியார் தீர்த்தம் தெளித்துச் செபித்தார். பாட்டு மரியாதையாக நின்று, அவர் ஆமென் சொன்னதும் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தது. அயலவர்கள் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்பெக்யூவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். கடையில் கண்டால் முன்பு போலவே பொன்ஜூர் சொன்னார்கள். யாராவது ஒருவர் காறித் துப்பியிருந்தால் அம்புறோசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொன்ஜூர்தான் அவரைத் தின்றது.

றொஷினிக்கு அது வேறு மாதிரி வெட்கம். தன் உடம்பில் நடந்ததை ஒருவன் வாரா வாரம் மைக்கில் தெருவுக்கு அறிவிக்கிறான். தெருவுக்குத் தமிழ் தெரியாது என்று செலீன் சமாதானம் சொன்னாள். "எனக்குத் தெரியுமே அம்மா," என்றாள் றொஷினி. சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் நிற்பதில்லை. பிறகு கர்க்லாண்டில் ஒரு கடையில் சனிக்கிழமை வேலை எடுத்தாள். வீட்டில் பேசும் தமிழ் குறைந்துகொண்டு வந்தது. ஒருமுறை வீட்டை விற்போம் என்று அவளே வீடு பார்க்க ஓர் ஆளைக் கூட்டிவந்தாள். அந்த ஆள் இரண்டு மணிக்குத்தான் வந்தார். நின்று கேட்டார், வீடு அருமையானது என்றார், அழைக்கிறேன் என்றார், அழைக்கவில்லை. அன்றைக்கு அவள் தகப்பனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்கள் அவவிட்டைப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ரை பேரைப் போட்டு ஊருக்குக் கத்தத் தெரிஞ்ச உங்களுக்கு, பக்கத்து வீட்டுக்குப் போகத் தெரியேல்லை." அவள் சொன்னது சரி என்பது அம்புறோசுக்குத் தெரியும்.

வருடங்கள் இப்படிப் போயின. வங்காலையைச் சுற்றிச் சண்டை மூண்டு, ஊர்ச்சனம் இடம்பெயர்ந்த செய்தி வந்த சனிக்கிழமையும் வேலி பாட்டுப் பாடியது. அன்றைக்கு அம்புறோஸ் தன் காதைப் பொத்தினார். பொத்தின பிறகுதான், சொந்தத் துக்கத்துக்கு நடுவில் அடுத்த வீட்டுப் பாட்டைக் கேட்பது எப்படி இருக்கும் என்பது அவருக்கு உடம்பால் விளங்கியது. ஆனாலும் போகவில்லை. வெட்கம் பழகப் பழகக் குறையும் என்று நினைத்தார். அது பழகியது, குறையவில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு புரட்டாதியில் பிலோன் வீட்டுப் புல்தரையில் விற்பனைப் பலகை முளைத்தது. மதாம் பிலோன் முதியோர் இல்லத்துக்குப் போகிறார் என்று தபால்காரர் சொன்னார். அம்புறோஸ் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அந்த மனுசி போய்விட்டால் அது செத்தவீடு இல்லை, வெறும் வீடு. பிறகு படியேறிப் போய் யாரிடம் சொல்வது? உள்ளே வந்து, "செலீன், சோறு வை," என்றார். செலீன் அடுப்பை மூட்டினாள். வெள்ளைச் சோறும் சொதியும், தாளிக்காத பருப்பும்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க மணியை அழுத்தினார். மதாம் பிலோன் திறந்தார். சட்டியைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், வழிவிட்டார். வீடு பாதி பெட்டிகளுக்குள் போயிருந்தது. சமையலறை மேசை மட்டும் அப்படியே இருந்தது. வெளியே வேலியில் பாட்டு தொடங்கியது அம்புறோசுக்குத் தெரிந்தது. மதாம் பிலோன் கதவைச் சாத்தியதும் பாட்டு அற்றுப்போனது. அந்த வீட்டுக்குள் அது கேட்பதேயில்லை. அம்புறோஸ் மூச்சு விட்டார். அப்போது ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. உற்சாகமான குரல், உடைந்த பிரெஞ்சு. பொன் ஃபெத். பொன் ஃபெத். கார்களைக் கொஞ்சம் தள்ளி விட முடியுமா. மொன்சியே பிலோனையும் வரச் சொல்லுங்கள், சாப்பாடு நிறைய இருக்கிறது.

இவ்வளவு காலமும் அந்த மனுசி வீட்டுக்குள் கேட்டது பாட்டை அல்ல, அம்புறோசின் குரலை. அம்புறோஸ் மேசையடியில் கிடந்த கதிரையை இழுத்தார். கிழவரின் கதிரை என்று தெரியாமல் அதிலேயே இருந்துவிட்டார்.

மதாம் பிலோன் குளிரைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசினார். அது ஜெராரின் கதிரை, இருங்கள். முதல் வருடம் தலையணையால் காதை மூடினேன். அடுத்த வருடம் சனிக்கிழமைகளில் லவாலில் தங்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே போனாலும் இங்கே அது சொல்லிக்கொண்டிருக்கும் என்று தெரியும். பிறகு போகாமல் விட்டேன். ஜெராரின் பெயரை இந்த ஊரில் ஒருவரும் சொல்வதில்லை, மொன்சியே அம்புறோஸ். என் பிள்ளைகளும் சொல்வதில்லை, நான் வருந்துவேனாம். அவரை இன்னும் சாப்பிடக் கூப்பிடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

அது மன்னிப்பா தண்டனையா என்று அம்புறோசுக்கு விளங்கவில்லை. தான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த பிரெஞ்சு வசனங்கள் எல்லாம் மறந்துபோயின. அதற்குப் பதிலாக, வங்காலை ஆண்கள் தகப்பனைப் புதைத்துவிட்டு வந்து முற்றத்தில் அழுவதுபோல, வாயைத் திறந்து ஓவென்று அழுதார். "ஐயா, எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தெரியாமல் செய்துபோட்டம் ஐயா, தெரியாமல் செய்துபோட்டம்," என்று கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிழவரிடமே சொன்னார். செலீன் நிலத்தில் குந்தியிருந்து, ஊரில் செத்தவீட்டில் பெண்கள் சொல்லியழுகிற மாதிரி இழுத்து இழுத்து, கூரைப் பனி தள்ளக் காட்டித் தந்ததையும் தக்காளி தந்ததையும் சொல்லி அழுதாள். அந்தச் சமையலறை கட்டிய நாளில் இருந்து இப்படியொரு சத்தத்தைக் கேட்டிருக்காது. பிறந்தது முதல் சென்ட்-ஒடிலில் இருந்த மதாம் பிலோனுக்கு, ஐந்து வருடம் பிந்தி வந்த அழுகை என்ன ஆகும் என்று நன்றாகத் தெரியும். எழுந்து போய் யன்னலைச் சாத்தக் கையை வைத்தார். பிறகு அதை இன்னும் அகலத் திறந்துவிட்டு வந்து, மூன்று தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

மதாம் பிலோன் அந்த மாதமே போய்விட்டார். திறந்த யன்னலால் வெளியே போய் வேலியில் தங்கிய அழுகை போகவில்லை. சனிக்கிழமைகளில் வழமைபோல இரண்டு மணிக்குப் பாட்டு, பேரின்பநாதன், கைதட்டல். அவை அடங்கியதும் வேலிக்குள்ளிருந்து ஓர் ஆண் ஓவென்று அழுவான், ஐயா ஐயா என்பான், ஒரு பெண் சொல்லிச் சொல்லி இழுப்பாள். ஐந்து மணிக்கு எல்லாம் ஓயும். தன் அழுகையைத் தானே கேட்பது அம்புறோசுக்கு முதல் வெட்கத்தைவிடப் பெரிய வெட்கமாக இருந்தது. முன்பென்றால் அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஓடி ரீவியைப் போடுவார். இப்போது வெளியே நின்று, முகம் சிவக்கச் சிவக்க வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் பிலோன் வீட்டுக்கு, கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி வந்தது. முதல் சனிக்கிழமை அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கேட்டார்கள். அன்றைக்கு றொஷினிக்குக் கடையில் வேலை இருக்கவில்லை. இருந்தாலும் அவள் எங்கும் போகாமல் பின்படியில் குந்தியிருந்து செரிப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இது என்ன என்று அவர்கள் பிரெஞ்சில் கேட்டபோது, கத்தரிக்கோலோடு நின்ற அம்புறோஸ் தலையைக் குனிந்துகொண்டார். றொஷினி எழுந்து வேலிக்குக் கிட்ட வந்தாள். பாட்டுக்கு நடுவில் வருகிற பெயர் என்னுடையது என்றாள். நான் பெரியபிள்ளையானதைச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் ஓடையில் கேட்பது என் அப்பாவின் குரல். பிறகு அழுவதும் அவர்தான். உங்கள் வீட்டில் இருந்த மொன்சியே பிலோன் இறந்ததற்கு. அந்த ஊரில் இவ்வளவையும் ஒருவர் புதிதாக வந்தவர்களுக்கு வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையுமா என்று கேட்டார்கள். ஓம் என்று தமிழில் சொல்லி, பிறகு பிரெஞ்சில் உய் என்றாள். அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் சனிக்கிழமைகளில், பாட்டு தொடங்கமுன் எழும்பிவிடட்டும் என்று, குழந்தையைப் பன்னிரண்டு மணிக்கே நித்திரையாக்கத் தொடங்கினார்கள்.